நாய்க்குச் சோறு வைக்கிறீர்களா? முதலில் தட்டைப் பாருங்கள்!

சித்த வைத்தியனுக்கும் நாய் சாப்பிடுகிற தட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? நியாயமான கேள்விதான். மனுஷாளுக்கு நாடி பார்க்கிறவன் நாய்க்கு எதற்கு நாட்டாமை செய்ய வேண்டும் என்று என் வீட்டு அம்மாவே கேட்டுவிட்டாள். காரணம் இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

போன வருஷம் பொங்கல் முடிந்த மறுவாரம். ஒரு பாட்டி தன் பேரனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பையனுக்கு ஏழு வயசு இருக்கும். வலது கையில் மணிக்கட்டுக்கு மேலே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி, மேலே ஒரு பழந்துணி சுற்றியிருந்தது.

"என்ன பாட்டி இது?"

"ஒண்ணுமில்ல டாக்டர் தம்பி. வீட்டு நாய்தான். லேசாப் பல்லு பட்டுருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசி ஊசியாப் போடுவாங்க. நீங்க ஒரு பச்சிலை குடுத்தீங்கன்னா சரியாப் போயிரும்."

"எப்பக் கடிச்சது?"

"முந்தா நாளு."

பையனைப் பார்த்தேன். "எப்படிடா தம்பி கடிச்சது?"

"அது சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு அங்கிள். பந்து தட்டுக்குப் பின்னால போயிருச்சு. தட்டை நகத்தினேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே துணியை அவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினேன். முழுசாகக் கால் மணி நேரம். பாட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. 'பச்சிலை கேட்டால் இந்த ஆள் கையைக் கழுவிக்கொண்டு நிற்கிறானே' என்று நினைத்திருப்பார். கழுவி முடித்ததும் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி, நானும் கூடவே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்றைக்கே தடுப்பூசி ஆரம்பித்துவிட்டார்கள். ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டார்கள்.

வாசகர்களே, இதை நான் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை வரும் என்பதால் சொல்கிறேன். நான் படித்தது பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில். மூலிகையிலேயே என் பிழைப்பு ஓடுகிறது. அப்படிப்பட்ட நான் சொல்கிறேன்: நாய் கடித்தால் பச்சிலை தேடாதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காபித்தூள் எதையும் காயத்தில் அப்பாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த ஊசியை இலவசமாகவே போடுகிறார்கள். அதுவும் பழைய காலத்து மாதிரி தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி கிடையாது. தோள்பட்டையில் நாலோ ஐந்தோ தவணை, அவ்வளவுதான். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் சித்தாவிலும் சரி, அலோபதியிலும் சரி, காப்பாற்ற வழி இல்லை. நம் வீட்டு நாய்தானே என்ற சமாதானமும் வேண்டாம். அந்த நாய்க்கு ரெண்டு வருஷமாகத் தடுப்பூசியே போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது!

பையனுக்கு எல்லாத் தவணையும் போட்டாகிவிட்டது. நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கண்காணித்தார்கள். அதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் பஞ்சாயத்து கூடிவிட்டது. "குழந்தையைக் கடிச்ச நாய் இனிமே இந்த வீட்டுல இருக்கக்கூடாது. எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாம்" என்று தாத்தா ஒற்றைக்காலில் நிற்கிறார். பையன் நாயைக் கட்டிக்கொண்டு அழுகிறான். என்னைக் கூப்பிட்டார்கள். போனேன்.

போய்ப் பார்த்தால், நாய்க்குச் சோறு வைக்கிற இடம் எது தெரியுமா? ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கிற நடை. வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தட்டு? உடைந்துபோன ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடிப்பாகத்தை வெட்டி வைத்திருந்தார்கள். தரை மொசைக். நாய் வாயை வைத்தால் தட்டு வழுக்கிக்கொண்டே போகும். நாயும் உர்ரென்று அதன் பின்னாலேயே போகும். ஒவ்வொரு வேளையும் தன் சோறு தன்னைவிட்டு ஓடுகிறது, மேலே ஆட்கள் தாண்டிக்கொண்டு போகிறார்கள் என்றால் அந்த ஜீவனுக்கு எப்படி இருக்கும்? நமக்குப் பந்தியில் இலையை யாராவது இழுத்தால் சும்மா இருப்போமா?

எதில் வைப்பது?

பெரும்பாலான வீடுகளில் நாய்க்கென்று தனியாகத் தட்டு வாங்குவதே இல்லை. ஒடுங்கின அலுமினியச் சட்டி, கைப்பிடி போன வாணலி, ஐஸ்கிரீம் டப்பா... இப்படிக் கழித்துக்கட்டின சாமான் எல்லாம் நாய்க்குத்தான். தப்பு என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் விஷயம் தெரிந்து வையுங்கள்.

பிளாஸ்டிக்கில் பல்லும் நகமும் பட்டுப் பட்டுக் கீறல் விழும். அந்தக் கீறலில் எண்ணெய்ப் பசையும் கிருமியும் குடியேறினால் எத்தனை தேய்த்தாலும் போகாது. முகர்ந்து பாருங்கள், தெரியும். குட்டி நாய் என்றால் விளிம்பைக் கடித்துத் துண்டு துண்டாக விழுங்கியும் வைக்கும். அலுமினியத்தில் மோர், தயிர் மாதிரிப் புளித்தது ஒத்துவராது.

பித்தளை, செம்பு? கல்லூரியில் குணபாட வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே, செம்பைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்காதே என்பதுதான். ஈயம் பூசாத பித்தளையில் தயிர்ச்சாதத்தை ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள், பச்சையாகக் களிம்பு நிற்கும். நாமானால் முகம் சுளித்துக் கொட்டிவிடுவோம். நாய் நக்கிவிடும். செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக நாய்க்குச் செம்புக் கிண்ணம் வாங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும். வேண்டாமே! சில நாய்களுக்கு ஈரலில் செம்பு சேர்ந்து வருகிற வியாதியே உண்டு.

மண்சட்டி தண்ணீருக்கு நல்லது, குளிர்ச்சியாக இருக்கும். சோற்றுக்கு ஆகாது. எண்ணெயையும் ஈரத்தையும் குடித்துக்கொள்ளும். பீங்கான் கனமாக இருப்பதால் நகராது. ஆனால் மேலே பூச்சு விரிசல் விட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

அப்புறம் எதுதான் நல்லது? நம்ம எவர்சில்வர்தான்! கனமான எவர்சில்வர். கீறாது, நாற்றம் பிடிக்காது, வெந்நீரில் கழுவலாம். அடியில் ரப்பர் வளையம் உள்ளதாக வாங்கினால் வழுக்காது. வாங்கும்போதே விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். பிசிறு இருந்தால் நாக்கைக் கிழிக்கும்.

வடிவத்தையும் பார்க்க வேண்டும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்கு ஆழமான கிண்ணத்தில் வைத்தால் பாவம், மூக்கும் முழுகி மூச்சுத் திணறும். அதற்கு அகலமான, ஆழமில்லாத தட்டு. காக்கர் ஸ்பேனியல் மாதிரி காது தொங்குகிற ஜாதிக்கு நேர் எதிர். வாய் குறுகின, கொஞ்சம் ஆழமான கிண்ணம். இல்லாவிட்டால் காது ரெண்டும் குழம்பில் தோய்ந்து, எறும்பும் ஈயும் மொய்க்கும்.

எறும்பு என்றதும் ஞாபகம் வருகிறது. தட்டைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு போடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது பூச்சிமருந்து ஐயா! நாய் தட்டை மட்டுமா நக்குகிறது, தரையையும் சேர்த்துத்தானே? பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே கிண்ணத்தை வையுங்கள். நம் பாட்டிமார் பலகாரத் தூக்குக்குச் செய்த அதே வேலைதான்.

சோற்றுத் தட்டை ஒவ்வொரு வேளையும், தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தின் உள்பக்கத்தை விரலால் தடவினால் வழவழவென்று இருக்கிறதா? அது அழுக்கு இல்லை, கிருமிகள் கட்டின கூடு. வெறுமனே தண்ணீரைக் கொட்டிவிட்டு ஊற்றினால் போகாது. தேய்த்தால்தான் போகும். தேய்க்கிற நாரையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சச் சோற்றை ராத்திரி முழுக்க வாசலில் விட்டால் எலி வரும். எலி மூத்திரத்தில்தான் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறது. மழைக்காலத்தில் நாய்க்கும் வரும், அதைக் கழுவிவிடுகிற உங்களுக்கும் வரும்.

வீரனின் முக்காலி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு ராஜபாளையம் இருந்தது. வீரன் என்று பெயர். பால் மாதிரி வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். 2005-ல் நம் தபால் இலாகா ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டதே, அதை வாங்கி வீரன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். அத்தனை பெருமை! எட்டு வயசானபோது, இவ்வளவு உயரமான நாய் குனிந்து சாப்பிடுகிறதே, கழுத்து வலிக்குமே என்று எனக்கு ஒரு கரிசனம். பழைய முக்காலி ஒன்றின் மேல் தட்டை வைத்தேன். ஒரு நாளைக்கு ஒரே வேளை, சாயங்காலம், வயிறு நிறைய. அவனும் ரெண்டே நிமிஷத்தில் காலி பண்ணிவிடுவான். 'நல்ல பசி' என்று சந்தோஷப்படுவேன்.

2011-ல் ஒரு ராத்திரி. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் இருக்கும். படுக்கிறான், எழுந்திருக்கிறான், சுற்றிச் சுற்றி வருகிறான். ஓங்கரிக்கிறான், ஆனால் வெறும் நுரைதான் வருகிறது. வயிறு தட்டினால் மத்தளம் மாதிரிக் கும்மென்று இருந்தது. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: வாயு. வைத்தியன் அல்லவா! ஓமத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன். பெருங்காயத்தைக் குழைத்து வயிற்றில் பற்றுப் போட்டேன். விடியட்டும், கால்நடை டாக்டரிடம் போகலாம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

விடிவதற்குள் ஈறு வெளுத்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினேன். கால்நடை டாக்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ராத்திரியே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணிப் பாத்திருக்கலாம் சார்" என்றார். மேஜை மேலேயே வீரன் போய்விட்டான்.

வந்தது வெறும் வாயு இல்லை. நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய ஜாதி நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும். மேல்வாயும் அடைபடும், கீழ்வாயும் அடைபடும். உள்ளே போவதும் இல்லை, வெளியே வருவதும் இல்லை. ரத்த ஓட்டம் தடைபட்டு, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். வாய்வழியாகக் கொடுக்கிற எந்த மருந்தும், என் ஓமத் தண்ணீர் உள்பட, அங்கே வேலை செய்யாது. உப்பின காற்றை வெளியே எடுத்து, அறுவை செய்து முறுக்கை நேராக்கினால்தான் உண்டு.

பிறகு தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பெரிய ஜாதி நாய்களை வைத்து ஆராய்ந்து 2000-ல் வெளியிட்ட முடிவு கண்ணில் பட்டது. வயசு ஏறுவது, கூடப்பிறந்ததற்கோ பெற்றதற்கோ இந்த வியாதி வந்திருப்பது, அவசரமாக விழுங்குவது, இவற்றோடு தட்டை உயரத்தில் வைப்பதும் சேர்ந்து இந்த ஆபத்தை அதிகமாக்குகிறது என்று கண்டிருக்கிறார்கள். குனிந்து சாப்பிட்டால் கெடுதல் என்று நான் நினைத்தேன். விஷயம் தலைகீழ்! வீரனை அந்த முக்காலிதான் கொன்றது என்று சொல்லமாட்டேன். வயசும் இருந்தது, அவசரமும் இருந்தது, ஒரே வேளையில் வயிறு முட்டக் கொடுத்ததும் இருந்தது. ஆனால் பதினோரு வருஷம் முன்பே அச்சிட்டு வைத்திருந்ததை நான் பார்க்கவில்லையே என்ற வருத்தம் இன்றைக்கும் இருக்கிறது.

ஆகவே ராஜபாளையம், டோபர்மேன், கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி நாய் வைத்திருக்கிறீர்களா? தட்டு தரையில் இருக்கட்டும். கழுத்தெலும்பு, முதுகெலும்புக் கோளாறு உள்ள நாய்க்கு மட்டும் கால்நடை டாக்டர் சொன்னால் உயர்த்தலாம். ஒரு வேளைச் சோற்றை ரெண்டாகப் பிரியுங்கள். சாப்பிட்ட கையோடு ஓடவிடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால், மணி ராத்திரி பன்னிரண்டு ஆனாலும் சரி, உடனே கிளம்புங்கள்.

அவசரமாக விழுங்குகிற நாய்க்கு ஒரு உபாயம். தட்டின் நடுவே வழவழப்பான பெரிய கூழாங்கல் ஒன்றைப் போடுங்கள். வாய்க்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், ஜாக்கிரதை. கல்லைச் சுற்றிச் சுற்றிப் பொறுக்க வேண்டியிருப்பதால் வேகம் தானே குறையும். இப்போது உள்ளே மேடு பள்ளம் வைத்த கிண்ணங்களே கடைகளில் வந்துவிட்டன. அதுவும் இதே தத்துவம்தான்.

தட்டில் எது இருக்கக்கூடாது?

நாய்க்குச் சோறு ஆகாது, அது மாமிச பட்சிணி என்று சிலர் சொல்கிறார்கள். முழு உண்மை இல்லை. மனுஷனோடு ஆயிரக்கணக்கான வருஷம் சேர்ந்து சாப்பிட்டதில், மாவுச்சத்தைச் செரிக்கிற திறமை ஓநாயைவிட நாய்க்கு நன்றாகக் கூடியிருக்கிறது என்று 2013-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதற்காக வெறும் பால் சோறே போட்டு வளர்க்கலாம் என்று அர்த்தமில்லை. முட்டை, மீன், கோழி ஏதாவது ஒன்று கூட வேண்டும். வளர்கிற குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு என்பதைக் கால்நடை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் கறி மட்டும் போட்டாலும் எலும்பு வளைந்துவிடும்.

நம் வீட்டில் செய்கிற தப்பு வேறு. சாம்பார் சாதம், கோழிக் குழம்புச் சாதம் என்று நாம் சாப்பிடுவதையே பிசைந்து வைக்கிறோம். அதில் இருக்கிற வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. ஒரு நாளில் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சோகை தட்டும்.

புளியையும் இப்போது சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. திராட்சை தின்ற நாய்க்குச் சிறுநீரகம் கெடுகிறது என்பது முன்பே தெரியும், ஏன் என்றுதான் தெரியாமல் இருந்தது. 2021-ல் அமெரிக்கக் கால்நடை விஷ மருத்துவர்கள், அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று சொன்னார்கள். அந்த அமிலம் நிறைய இருப்பது எதில்? நம்ம புளியில்! புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். ஒரு வாய் ரசத்தில் ஒன்றும் ஆகிவிடாது என்று சாதிக்க நான் தயாரில்லை. புளியோதரை மீந்தால் நீங்களே சாப்பிடுங்கள். பொங்கலில் இருக்கிற உலர்திராட்சையையும் பொறுக்கிவிடுங்கள். சாக்லேட் கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கிற ஸைலிடால் மகா ஆபத்து. வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும்.

சமைக்கும்போதே தாளிப்பதற்கு முன்னால் நாய்க்கு எடுத்து வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. அளவை ஒரு டம்ளரால் அளந்து போடுங்கள். கண்ணளவு போட்டால் பாசம் கூடக் கூட அளவும் கூடும். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தேட வேண்டியிருந்தால் குண்டாகிவிட்டது. தண்ணீர் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி, அதாவது 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல். வெயில் காலத்தில் இன்னும் கூட.

மூன்று மாசம் வரை குட்டிக்கு நாலு வேளை, ஆறு மாசம் வரை மூணு வேளை, அப்புறம் ரெண்டு வேளை. வைத்த சோற்றை அரை மணிக்குள் தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள், அடுத்த வேளை தானாகத் தின்னும். குட்டியாக இருந்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் இருந்தாலோ பிடிவாதம் என்று நினைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்தப் பையன் வீட்டில் என்ன செய்தோம்?

தட்டை நடையிலிருந்து எடுத்துப் பின்கட்டில் ஒரு மூலைக்குக் கொண்டுபோனோம். அந்தப் பக்கம் யாரும் குறுக்கே போக வேண்டியதில்லை. ரப்பர் வைத்த எவர்சில்வர் தட்டு. நாய் சாப்பிட்டு முடிக்கிறவரை பின்கட்டுக் கதவு சாத்தியிருக்கும். பந்து போனாலும் சரி, பம்பரம் போனாலும் சரி.

தாத்தாவுக்கு ஒரு சந்தேகம்: "சின்னதுல இருந்தே சாப்பிடுறப்போ தட்டைப் பிடுங்கிப் பிடுங்கிப் பழக்கினா அடங்கும்னு சொல்றாங்களே?" நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அடங்காது. 'மனுஷன் கிட்டே வந்தால் சோறு போய்விடும்' என்றுதான் அது கற்றுக்கொள்ளும். திருப்பிப் போடுங்கள். நாய் சாப்பிடும்போது பெரியவர் ஒருவர் நாலடி தூரத்தில் நின்று ஒரு துண்டு முட்டையை அதன் பக்கம் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். தினமும் இப்படிச் செய்தால், ஆள் வந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று அதற்குப் புரியும். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது 'கிட்டே வராதே' என்று அது பேசுகிற பாஷை. அடித்து அந்தப் பாஷையை மறக்கடித்தால், அடுத்த தடவை சொல்லாமல் கடிக்கும். குழந்தைகள் இந்தப் பழக்கத்தில் சேரவே கூடாது. அதையும் மீறி உறுமல் கூடிக்கொண்டே போனால் கால்நடை டாக்டரிடம் கேளுங்கள்.

ரெண்டு மாசம் கழித்துப் பாட்டி முழங்கால் வலித் தைலத்துக்கு வந்தார். கூடவே பையனும் வந்திருந்தான்.

"டாக்டர் தம்பி, இவன் இப்ப நாய் சாப்பிடுறப்போ வாசல்ல நின்னு எங்களை எல்லாம் அதட்டுறான். 'யாரும் உள்ள போகாதீங்க, டைகர் சாப்பிடுது'ங்கிறான். நேத்து அவங்க தாத்தாவுக்குக் கொல்லைப்பக்கம் போகணும், விடமாட்டேன்னுட்டான்!"

"தடுப்பூசி?" என்றேன்.

பையன் சட்டைப் பையிலிருந்து மடித்த அட்டை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். டைகருடையது. அடுத்த ஊசிக்கான தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தான்.